லாமு முதல் கில்வா வரை: கடலோர ஆப்பிரிக்காவில் இஸ்லாமும் கிறிஸ்தவமும்

கடல்வழி எழுதியது:

கென்யா, தான்சானியா என்றால் நம்மவர்களுக்குச் சிங்கமும் கிளிமஞ்சாரோவும்தான். கடலோரத்துக்கு வருகிறவர்களும் மணலில் படுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் காட்டுப் பக்கமே போகாமல், வடக்கே லாமுவில் தொடங்கி மொம்பாசா, ஜான்சிபார், பகமோயோ, கில்வா என்று கரையோரமாகவே இறங்கினேன். வழி நெடுக மசூதியும் தேவாலயமும் வந்துகொண்டே இருந்தன. அதைப் பற்றி யோசித்ததை இங்கே போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் முஸ்லிம், கிறிஸ்தவர் பிரச்சினை என்று பத்திரிகைகள் எழுதுவதில் பெரும்பகுதி, கரைக்காரர்களுக்கும் உள்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் உள்ள பிரச்சினை. யார் முதலில் வந்தார்கள், நிலம் யார் பேரில் இருக்கிறது, யாருடைய பாட்டன் யாரிடம் அடிமையாக இருந்தான். இவைதான் அடியில் ஓடுகின்றன. வேதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

இஸ்லாம் அங்கே வந்தேறி மதம் இல்லை. லாமு தீவுக்கூட்டத்தில் ஷாங்கா என்ற பாழூரைத் தோண்டியபோது 8-ஆம் நூற்றாண்டிலேயே மரத்தால் ஆன சின்னப் பள்ளிவாசல் இருந்ததற்குத் தடயம் கிடைத்தது. ஜான்சிபாரின் தெற்கே கிஜிம்காசி மசூதியில் 1107-ஆம் ஆண்டைச் சொல்லும், கூஃபிக் என்ற பழைய அரபு எழுத்துக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தகரக்கூரை போட்ட சாதாரணக் கட்டடம், தாண்டிப் போய்விடுவோம். உள்ளே போனால் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைச் சுற்றிப் பவளக்கல்லில் செதுக்கிய எழுத்து. 1331-ல் இப்னு பதூதா மொம்பாசாவில் இறங்கினார். மசூதி வாசலில் கிணறு இருக்கும், மரப் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவி, வாசலில் கிடக்கும் முரட்டுப் பாயில் துடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள் என்று எழுதியிருக்கிறார். அங்கே பழைய நகரத்து மசூதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போகிறவர்களைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

கிறிஸ்தவம் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை 1498-ல் வாஸ்கோட காமாவோடு. 1505-ல் கில்வாவைப் போர்த்துக்கீசியர் சூறையாடினார்கள். 1593-ல் மொம்பாசாவில் இயேசுவின் பெயரிலேயே கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். இருநூறு வருஷம் இருந்தும், ஊர்மக்களிடையே சபை என்று ஒன்று நிலைக்கவில்லை. பீரங்கி வைத்த மதத்தில் யார் சேர்வார்கள்?

இரண்டாம் வருகை 1844-ல். லுட்விக் கிராப் என்ற ஜெர்மன் மிஷனரி மொம்பாசா வந்தார். வந்த வருஷமே மனைவியும் பச்சைக் குழந்தையும் காய்ச்சலில் போய்விட்டார்கள். ஆனால் இந்த வருகைக்குப் பிறகு சபையில் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் விடுவிக்கப்பட்ட அடிமைகள். பகமோயோவில் 1868-ல் பிரெஞ்சு கத்தோலிக்கப் பாதிரிமார் அமைத்த கிராமமே மீட்கப்பட்ட அடிமைகளுக்கானது. சந்தையில் காசு கொடுத்து அடிமைகளை மீட்டுத்தான் அங்கே குடியமர்த்தினார்கள். மொம்பாசாவுக்கு எதிர்க்கரையில் 1875-ல் உருவான ஃப்ரியர்டவுனும் அப்படித்தான். அடிமை வியாபாரிகள் வந்தால் எச்சரிக்க அடித்த மணி இன்னும் அங்கே சாலை ஓரத்தில் இருக்கிறது, மினிபஸ் நிறுத்தத்துக்கே அதுதான் பெயர். ஆக, கரையின் மேல்குடியினர் கண்ணில் கிறிஸ்தவம் என்பது அடிமைகளின் மதம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் அந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

ஜான்சிபாரின் ஆங்கிலிகன் பேராலயம் அடிமைச் சந்தை இருந்த இடத்திலேயே நிற்கிறது. 1873 ஜூனில், ஜான்சிபாரை ஆண்ட ஓமானி சுல்தான் பர்காஷ், பிரிட்டிஷ் நெருக்கடியில், சந்தையை மூடினார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கே அடிக்கல் நாட்டிவிட்டார்கள். சாட்டையடி கொடுத்த மரம் நின்ற இடத்தில்தான் பலிபீடம் என்கிறார்கள். தரையில் வெள்ளைப் பளிங்கு வட்டம், அதைச் சுற்றிச் சிவப்பு. பின்பக்கம் சில தூண்கள் தலைகீழாக நிற்கும். பிஷப் ஸ்டீர் ஊரில் இல்லாதபோது கொத்தனார்கள் அப்படி நட்டுவிட்டார்களாம், வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்குக் காத்திருக்கிறார். அந்த வழிகாட்டி முஸ்லிம். கோபுரக் கடிகாரம் சுல்தான் கொடுத்தது, தன் அரண்மனையைவிடக் கோபுரம் உயரக் கூடாது என்ற நிபந்தனையோடு, என்றும் சொன்னார். வெளியே ஒரு குழியில் கழுத்தில் சங்கிலியோடு ஐந்து கல்லுருவங்கள். 1998-ல் வைத்தது. சங்கிலி மட்டும் பழையது, நிஜமானது.

கேட்பதற்கு நிறைய இருக்கும். கேளுங்கள்.

முத்துக்குளி எழுதியது:

அருமையான பதிவு அண்ணாச்சி. மாலிந்திக்குப் போகவில்லையா? எங்க ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு.

புனித சவேரியார் 1542-ல் கோவாவுக்கு வரும் வழியில் மாலிந்தியில்தான் இறங்கினார். கப்பலில் இறந்த ஒருவரை அங்கே அடக்கம் செய்தார். கூரை வேய்ந்த சின்னச் சிற்றாலயம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதே வருஷம் அக்டோபரில்தான் முத்துக்குளித்துறைக்கு வந்து எங்கள் பரதவர் ஊர்களில் கால்நடையாகச் சுற்றினார். அதாவது மணப்பாட்டுக்கு வருவதற்குச் சில மாதம் முன்பு அந்த மனிதர் ஆப்பிரிக்க முஸ்லிம்களோடு உட்கார்ந்து மதம் பேசியிருக்கிறார்.

அந்தப் பேச்சை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மாலிந்தியின் பெரிய மனிதர் ஒருவர், ‘உங்கள் ஊரில் மக்கள் ஒழுங்காகக் கோயிலுக்கு வருகிறார்களா? இங்கே பதினேழு பள்ளிவாசல் இருக்கிறது, மூன்றுக்குத்தான் ஆள் வருகிறது, அதுவும் கொஞ்சம் பேர்தான்’ என்று குறைப்பட்டுக்கொண்டாராம். சவேரியார் அதற்குச் சொன்ன பதில் அவ்வளவு மரியாதையானது இல்லை, அதை விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது அந்தப் பெரியவரின் கவலைதான். எங்க பங்குச் சாமியாரும் ஒவ்வொரு ஞாயிறும் இதையேதான் சொல்கிறார்.

வெட்டுக்கிளி எழுதியது:

கடல்வழி, எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் நைசாக ஒரு விஷயத்தை வழுக்கிக்கொண்டு போகிறீர்கள். சந்தையை மூடினார், கடிகாரம் கொடுத்தார் என்று சுல்தானை நல்லவராகக் காட்டிவிட்டீர்கள். அந்த அடிமைகளைப் பிடித்து விற்றது யார்? ஓமான் அரபிகளும் கரையோரச் சுவாஹிலி வியாபாரிகளும்தானே? அவர்கள் என்ன மதம்? ஐரோப்பியன் செய்த அடிமை வியாபாரம் என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இது என்றால் மட்டும் ‘யாருடைய பாட்டன் யாரிடம்’ என்று பொதுவாக முடித்துவிடுகிறோம்.

காயல்காரன் எழுதியது:

கேள்வி நியாயமானது, நானே பதில் சொல்கிறேன்.

ஆமாம், செய்தவர்கள் முஸ்லிம்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஜான்சிபாரிலும் பெம்பாவிலும் கிராம்புத் தோட்டம் போட்டதே அடிமை உழைப்பில்தான். வியாபாரம் 1873-ல் தடையானாலும், ஜான்சிபாரில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது 1897-ல்தான். கென்யக் கரையில் 1907 வரை இழுத்தது. பிரிட்டிஷ்காரன் ஆட்சியின் கீழேயே இழுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பணம் யாருடையது என்றும் கேட்க வேண்டும் இல்லையா? சுல்தானின் சுங்க வரியைக் குத்தகை எடுத்து நடத்தியதும், உள்நாட்டுக்குப் போகிற வணிகக் கூட்டங்களுக்குக் கடன் கொடுத்ததும் கட்ச் பகுதியிலிருந்து போன நம் நாட்டு வணிகர்கள். இந்துக்களும் உண்டு, இஸ்மாயிலிகளும் உண்டு. 1860 வாக்கில் பிரிட்டிஷ் தூதர் ரிக்பி, ஜான்சிபார் இந்தியர்களிடமிருந்து மட்டும் ஆயிரக்கணக்கான அடிமைகளை விடுவிக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் அட்லாண்டிக் கரையில், கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையில், ஆண் அடிமைகளை அடைத்த பாதாள அறைக்கு நேர் மேலே சிற்றாலயம் இருந்தது. கீழே அவர்கள், மேலே ஜெபம். ஜான்சிபாரில் சந்தையை மூடியபின் கோயில் கட்டினார்கள், கேப் கோஸ்டில் கோயிலையும் சிறையையும் ஒரே நேரத்தில் நடத்தினார்கள். இதற்கு எந்த மதத்துக்கு மதிப்பெண் போடுவது?

இன்னொன்று, லாமுவில் நடந்தது. அங்கேயும் பழைய குடும்பங்கள், தாழ்ந்தவர்கள் என்ற பாகுபாடு பலமாக இருந்தது. அடிமை வழியில் வந்தவர்களுக்கு மார்க்கக் கல்வி கிடைப்பது குதிரைக்கொம்பு. கொமொரோ தீவிலிருந்து வந்த ஹபீப் சாலிஹ் என்பவர்தான், ஊரின் ஒதுக்குப்புறத்தில் அந்த மக்களுக்கே ஓதிக்கொடுத்து, ரியாதா பள்ளிவாசலை எழுப்பினார். நபி பிறந்தநாள் விழாவான மவ்லிதுக்குத் தஃப் என்ற கைப்பறை அடிக்க அனுமதித்தார். பெரிய குடும்பங்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்று அந்த மவ்லிதுக்குத்தான் கரை முழுவதும் திரண்டு வருகிறது. மிஷனரி அடிமைகளுக்குச் செய்ததில் ஒரு பங்கை, அதே காலத்தையொட்டி, ஒரு ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், இஸ்லாத்துக்குள்ளேயே செய்திருக்கிறார்.

எங்க காயல்பட்டினமும் அந்தக் கரையும் ஒரே ஷாஃபி மத்ஹப், அதாவது ஒரே மார்க்கச் சட்ட மரபு, என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஆர்வம் அதிகம். கடல் வியாபாரம் போன வழியெல்லாம் ஷாஃபி என்று சொல்லலாம். ஆண்ட ஓமானி சுல்தான்கள் இபாதி என்ற வேறு பிரிவினர், ஆனால் தொழுதுகொண்டிருந்த குடிமக்கள் ஷாஃபி. இதையும் பலர் கவனிப்பதில்லை.

வெட்டுக்கிளி எழுதியது:

காக்கா, ஹபீப் சாலிஹ் பற்றி எனக்குத் தெரியாது, நன்றி. ஆனாலும் சுவாஹிலிக்காரர்கள் தங்களைப் பாரசீக வம்சம், ஷிராசி என்று சொல்லிக்கொள்வதே உள்நாட்டு ஆப்பிரிக்கர்களைவிட உசத்தி என்று காட்டத்தானே? அதில் மதத்துக்குப் பங்கில்லையா?

காயல்காரன் எழுதியது:

அதில் பாதி உண்மை, பாதி பெருமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2023-ல் வந்த மரபணு ஆய்வு சுவாரசியமானது. பழைய சுவாஹிலி நகரங்களின் கல்லறை எலும்புகளை எடுத்துச் சோதித்தார்கள். சுமார் 1000-ஆம் ஆண்டை ஒட்டி ஆசியாவிலிருந்து வந்த ஆண்கள் ஆப்பிரிக்கப் பெண்களை மணந்திருக்கிறார்கள், அந்த ஆண்களில் பெரும்பாலோர் பாரசீகத்தவர், கொஞ்சம் இந்தியக் கலப்பும் உண்டு என்று வந்தது. ஆக, தந்தைவழிக் கதை முழுப் பொய்யில்லை. தாய்வழி ஆப்பிரிக்கா. வீட்டில் பேசியது அம்மாவின் மொழி, அதனால்தான் அது பாரசீகம் ஆகாமல், பாண்டு என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்திலேயே இருக்கிறது. உசத்தி பேசுகிறவர்கள் பாட்டிமாரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். அது எல்லா ஊரிலும் உள்ள வியாதி.

கடல்வழி எழுதியது:

வெட்டுக்கிளி கேட்டது நல்லதாகப் போயிற்று, காயல்காரர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

மதம் மாறுவதும் அதிகாரமும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதற்கு மொம்பாசா கோட்டையில் கேட்ட கதை ஒன்று. யூசுஃப் பின் ஹசன் என்ற இளவரசன். தகப்பனை 1614-ல் போர்த்துக்கீசியர் கொல்ல ஏற்பாடு செய்தார்கள். பையனைக் கோவாவுக்குக் கொண்டுபோய், அகஸ்தீனிய துறவிகளிடம் வளர்த்து, ஞானஸ்நானம் கொடுத்து, தோம் ஜெரோனிமோ என்று பெயர் வைத்து, மறுபடி மொம்பாசாவுக்கு அரசனாக அனுப்பினார்கள். இரவில் தகப்பன் கல்லறைக்குப் போய் முஸ்லிம் முறைப்படி துஆ செய்கிறான் என்று யாரோ கோட்டைத் தலைவனிடம் கோள் சொன்னார்கள். கோவாவுக்கு அனுப்பி விசாரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1631 ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருநாளை ஒட்டி, ஆட்களோடு கோட்டைக்குள் போய்த் தலைவனைக் குத்திக் கொன்றான். மறுபடி முஸ்லிமானான். ஊரில் இருந்த கிறிஸ்தவர்களிடம் மதம் மாறு, இல்லையென்றால் சாவு என்றான். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். போர்த்துக்கீசியரோடு, ஞானஸ்நானம் பெற்ற ஆப்பிரிக்கர்களும் அதில் உண்டு. அவர்களைத்தான் கத்தோலிக்கத் திருச்சபை மொம்பாசா மறைசாட்சிகள் என்கிறது.

அடுத்த வருஷமே அவன் ஊரை விட்டுக் கப்பலேறி, கடற்கொள்ளையனாகச் சுற்றி, 1638-ல் செங்கடல் பக்கம் செத்தான். கோட்டையைப் போர்த்துக்கீசியர் திரும்பப் பிடித்தார்கள். ஓமானியர் கைக்கு அது போனது 1698-ல், இரண்டே முக்கால் வருஷ முற்றுகைக்குப் பிறகு.

இவனை நாயகன் என்பதா, கொலைகாரன் என்பதா? அவன் செய்த கொலைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மொம்பாசாவில் ஒரு கடைக்காரர் இதே கதையைச் சொல்லும்போது மதம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ‘அப்பாவைக் கொன்றவர்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

முத்துக்குளி, நம் நாட்டுத் தொடர்பு இன்னொன்றும் உண்டு. கடலில் பிடிபட்ட அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்ட பிள்ளைகளை பம்பாய்க்குக் கொண்டுவந்து, நாசிக்கில் மிஷன் பள்ளியில் படிக்கவைத்தார்கள். தச்சு வேலை, கொல்லு வேலை, ஆங்கிலம் எல்லாம் படித்த இவர்களைத்தான் அப்புறம் ஃப்ரியர்டவுனுக்கும், மொம்பாசா அருகே உள்ள ரபாய்க்கும் அனுப்பினார்கள். பம்பாய் ஆப்பிரிக்கர்கள் என்றே பெயர். ஆப்பிரிக்காவில் இறந்த ஆய்வுப்பயணி லிவிங்ஸ்டன் உடலோடு லண்டன் வரை போன ஜேக்கப் வெய்ன்ரைட் இந்த நாசிக் பள்ளிப் பையன்தான். கிழக்கு ஆப்பிரிக்கச் சபையின் முதல் தலைமுறை ஆசிரியர்களில் பலர் மகாராஷ்டிரத்தில் படித்தவர்கள்.

தார்வாசி எழுதியது:

நான் தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறேன், கணக்குப் பிரிவு. இத்தனை வரலாறு எனக்குத் தெரியாது. தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

இங்கே ஒரே குடும்பத்தில் அண்ணன் முஸ்லிம், தங்கை கிறிஸ்தவர் என்பது சகஜம். எங்கள் அலுவலகத்தில் யார் என்ன மதம் என்று பெயரை வைத்துச் சொல்ல முயன்று பலமுறை முழித்திருக்கிறேன். ஆடு மாடு அறுப்பது வழக்கப்படி முஸ்லிம்தான், எல்லோரும் சாப்பிட வேண்டுமே. என் வீட்டுக்குப் பக்கத்து லூத்தரன் குடும்பம் கிறிஸ்துமஸுக்கு ஆடு வாங்கினால், தெருமுனையில் இருக்கும் பெரியவரைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்வார்கள். அவர் பிஸ்மில்லா சொல்லி அறுத்துவிட்டு, தன் பங்கை வாங்கிக்கொண்டு போவார். பிலாவ் மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான் மணக்கும். ரம்ஜான் மாலையில் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது எங்களுக்கும் வரும். நம் ஊர்க் கூட்டுக்குப் பக்கத்தில் வரும், தேங்காய்தான் தூக்கல்.

அரசாங்கமும் ஜாக்கிரதையாக இருக்கிறது. 1967-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்பதே இல்லை. எத்தனை சதவீதம் யார் என்று எவர் சொன்னாலும் அது உத்தேசம்தான், இரண்டு தரப்பும் தாங்களே அதிகம் என்பார்கள். குடியரசுத் தலைவர் பதவியும் பாருங்கள்: நியெரேரே கத்தோலிக்கர், ம்வின்யி முஸ்லிம், ம்கபா கத்தோலிக்கர், கிக்வெட்டே முஸ்லிம், மகுஃபுலி கத்தோலிக்கர், இப்போது சாமியா முஸ்லிம், அதுவும் ஜான்சிபார்க்காரர். சட்டத்தில் இப்படி எங்கும் எழுதவில்லை. தானாக அமைந்தது என்கிறார்கள், நான் நம்புவதாக இல்லை.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல மாட்டேன். 1993-ல் இங்கே பன்றிக்கறிக் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அப்புறம் தெருவில் மைக் வைத்து விவாதம் நடத்துகிற பிரசங்கிகள் உண்டு. முஸ்லிம் பிரசங்கி கையில் பைபிளை வைத்துக்கொண்டு அத்தியாயம் வசனம் சொல்லி மடக்குவார். எதிர்த்தரப்பு குர்ஆனை எடுக்கும். கூட்டம் பட்டிமன்றம் மாதிரி ரசிக்கும். சூடு ஏறினால் போலீஸ் வரும்.

கடல்வழி சொல்வதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. இங்கே நாற்பது வயதுக்குட்பட்ட முஸ்லிம் நண்பர்களின் குறை நிலம் இல்லை, படிப்பு. நல்ல பள்ளிகள் எல்லாம் மிஷன் பள்ளிகள், அதனால் அரசு வேலையில் கிறிஸ்தவர்கள்தான் என்பது. நியெரேரே பள்ளிகளை எல்லாம் அரசுடைமையாக்கியும் அந்தக் குறை தீரவில்லை. இதை நான் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

வெட்டுக்கிளி எழுதியது:

தார்வாசி சொன்ன படிப்பு விஷயம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் கென்யப் பக்கம் நடந்ததை யாரும் பேசவில்லையே. 2012 ஆகஸ்டில் மொம்பாசாவில் அபூத் ரோகோ என்ற மதபோதகர் சுட்டுக் கொல்லப்பட்டதும் கலவரத்தில் தேவாலயங்களைத் தாக்கினார்கள். 2014 மார்ச்சில் மொம்பாசாவை ஒட்டிய லிகோனியில் தேவாலய ஆராதனை நடக்கும்போது உள்ளே புகுந்து சுட்டார்கள். அதே ஜூனில் லாமு மாவட்டத்து ம்பெகெடோனியில் அறுபதுக்கும் மேல் கொலை. நீ முஸ்லிமா என்று கேட்டுப் பிரித்துச் சுட்டார்கள். கேள்வி மதத்தைப் பற்றித்தானே? பட்டா இருக்கிறதா என்று கேட்டுச் சுடவில்லையே?

கடல்வழி எழுதியது:

கடுமையான கேள்வி. சுட்டவன் மதத்தைத்தான் கேட்டான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பொறுப்பேற்றது சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல் ஷபாப். அது எல்லை தாண்டிய போர், மதத்தின் பெயரில் நடப்பது, சந்தேகமே இல்லை.

ஆனால் ஏன் ம்பெகெடோனி? லாமுவைச் சுற்றி எத்தனையோ ஊர் இருக்க, அது ஏன்? 1970-களில் அரசாங்கம் அங்கே கென்யாட்டா ஏரிக் குடியேற்றத் திட்டம் என்று போட்டு, நடு மலைநாட்டுக் கிகுயு விவசாயிகளைக் கொண்டுவந்து பட்டா கொடுத்துக் குடிவைத்தது. அவர்கள் கிறிஸ்தவர்கள். பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பஜுனி மக்களுக்குப் பட்டா இல்லை. அவர்கள் முஸ்லிம்கள். தாக்குதல் நடந்ததும் அன்றைய குடியரசுத் தலைவரே இது உள்ளூர் அரசியல் என்றார், அது முழு உண்மை இல்லைதான். ஆனாலும் வெளியிலிருந்து வந்த நெருப்பு எங்கே பற்றும் என்பதை உள்ளூர் நிலம் தீர்மானித்தது என்றுதான் நான் சொல்கிறேன்.

இதில் மதம் நேர்கோட்டில் பிரியவும் இல்லை. 1908-ல் பிரிட்டிஷார் கரையில் நிலப் பட்டா பதிவு கொண்டுவந்தபோது, அரபி, சுவாஹிலிக் குடும்பங்கள் பலவும் உரிமை கோரிப் பத்திரம் வாங்கிக்கொண்டன. கரையோரப் பூர்வகுடிகளான மிஜிகெண்டா மக்கள் சொந்த ஊரிலேயே குத்தகைக்காரர் ஆனார்கள். அவர்களில் மொம்பாசாவுக்குத் தெற்கே உள்ள டிகோ இனத்தார் பெரும்பாலும் முஸ்லிம்கள். வடக்கே கிரியாமாவில் கிறிஸ்தவர், முஸ்லிம், பழைய வழிபாடு மூன்றும் உண்டு. ஆக, பத்திரம் வைத்திருப்பவரும் முஸ்லிம், பத்திரம் இல்லாதவரிலும் முஸ்லிம். விடுதலைக்குப் பிறகு கரையில் நல்ல இடம் வாங்கிய நைரோபிப் பெரும்புள்ளிகள் கிறிஸ்தவர்கள். கிரியாமாக் கிறிஸ்தவர் ஒருவருக்கு அந்த நைரோபிக்காரர் மேல் வரும் கோபம், பக்கத்து வீட்டு முஸ்லிம் மேல் வருவதில்லை. நான் போன மினிபஸ்களில் கேட்ட பேச்சு முழுக்க இதுதான். கரை கென்யா இல்லை என்ற கோஷத்தைச் சுவரில் எழுதியவர்களில் இரண்டு மதத்தவரும் உண்டு.

முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் காஜி நீதிமன்றம் பற்றியும் சொல்ல வேண்டும். கரையோரப் பத்து மைல் அகலப் பட்டை, சட்டப்படி ஜான்சிபார் சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. பிரிட்டிஷார் 1895-லிருந்து குத்தகைக்குத்தான் ஆண்டார்கள். 1963 வரை மொம்பாசா கோட்டையில் சுல்தானின் சிவப்புக் கொடி பறந்தது. அந்தப் பட்டையைக் கென்யாவோடு சேர்க்கும்போது, காஜி நீதிமன்றங்களைக் காப்போம் என்று ஜோமோ கென்யாட்டா எழுத்தில் கொடுத்தார். 2010-ல் புது அரசியலமைப்பில் அதைச் சேர்த்தபோது பெரிய சபைகள் எல்லாம் ‘ஒரு மதத்துக்கு மட்டும் ஏன் நீதிமன்றம்’ என்று எதிர்த்துப் பிரசாரம் செய்தன, கருக்கலைப்பு விதியையும் சேர்த்துத்தான். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ஆதரித்து அது நிறைவேறியது. கல்யாணம், மணவிலக்கு, வாரிசு வழக்கு மட்டும், இரண்டு தரப்பும் முஸ்லிமாக இருந்தால் மட்டும். நைரோபிச் சபைக்கு அது மதச் சலுகை. மொம்பாசாக்காரருக்கு அது சேர்ந்ததற்கான ஒப்பந்தம்.

தார்வாசி சொன்ன படிப்பு, ஆமாம், அதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். நிலத்தையும் பள்ளியையும் பிரித்துப் பார்க்க முடியாது.

டக்கார் தமிழன் எழுதியது:

நீங்கள் எல்லோரும் கிழக்குக் கரையிலேயே நிற்கிறீர்கள். மேற்கே செனகலுக்கு வாருங்கள், இது தலைகீழ்.

நாடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் முஸ்லிம். ஆனால் டக்காருக்குத் தெற்கே ஃபதியூத் என்ற தீவு கிட்டத்தட்ட முழுக்கக் கத்தோலிக்கம். தீவே கிளிஞ்சல் குவிந்து உண்டானது. தெருவில் நடந்தால் காலடியில் நறநற என்று சத்தம். மரப்பாலம் தாண்டினால் இன்னொரு கிளிஞ்சல் தீவு, அதுதான் ஊர்க் கல்லறை. சிலுவை வைத்த குழிகளும் முஸ்லிம் குழிகளும் ஒரே மேட்டில், நடுவில் சுவர் கிடையாது. எதிரே ஜோவாலில் 1906-ல் பிறந்த செங்கோர் கத்தோலிக்கர். முஸ்லிம் நாட்டை 1960-லிருந்து இருபது வருஷம் ஆண்டுவிட்டு, தானாகவே பதவியை விட்டார், பிறகு வந்தவர் முஸ்லிம். யாரும் முணுமுணுக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் கிறிஸ்தவ வீடுகளில் ங்கலாக் செய்வார்கள். கம்பு மாவை உருட்டி ஆவியில் வேகவைத்து, வேர்க்கடலை விழுதும் பாவோபாப் பழக்கரைசலும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கியது. புளிப்பும் இனிப்புமாக இருக்கும். வாளி வாளியாக முஸ்லிம் வீடுகளுக்குப் போகும். பக்ரீதுக்கு ஆட்டுக்கறி திரும்பி வரும். எங்கள் மாடியில் ங்கலாக் வரவில்லை என்றால் முஸ்லிம் அம்மாக்கள் நேரிலேயே கேட்பார்கள், ‘இந்த வருஷம் எங்களை மறந்துவிட்டீர்களா’ என்று.

இங்கே கிறிஸ்தவர்கள் நிலம் பிடித்தவர்களும் இல்லை, அடிமைகளும் இல்லை. அதே செரேர் இனம், அதே குடும்பப் பெயர். கடல்வழியின் கட்சி சரி என்பதற்கு செனகல்தான் சாட்சி என்று சொல்வேன்.

வெட்டுக்கிளி எழுதியது:

அதற்கு சூஃபி மரபும் காரணமாக இருக்கலாமே? முரீது, திஜானி என்ற சூஃபி நெறியினர் இருக்கும் இடத்தில் இந்த மென்மை வருகிறது, வளைகுடாப் பணம் வந்த இடத்தில் போய்விடுகிறது. அப்படியென்றால் மதத்துக்குள் எந்தப் போக்கு என்பது முக்கியம்தான், நிலம் மட்டும் இல்லை. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

காயல்காரன் எழுதியது:

இறங்கி வர வேண்டாம், அந்த இடத்தில் நானும் உங்கள் பக்கம். லாமு மவ்லிதை இப்போது பித்அத், அதாவது மார்க்கத்தில் இல்லாத புதுமை, என்று சொல்கிற இளைஞர்கள் அதே கரையில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். ஹபீப் சாலிஹை அன்று எதிர்த்தவர்கள் பணக்காரர்கள், இன்று எதிர்ப்பவர்கள் படித்த பையன்கள்.

முத்துக்குளி எழுதியது:

மிஜிகெண்டா பழைய வழிபாடு என்று போகிற போக்கில் சொன்னீர்களே அண்ணாச்சி, அது என்ன?

கடல்வழி எழுதியது:

காயா என்று சொல்கிற காடுகள். முன்னோர் கோட்டை கட்டி வாழ்ந்த இடம், இப்போது யாரும் குடியிருப்பதில்லை, மரம் வெட்டக் கூடாது. நம் ஊர்க் கோயில்காடு போலத்தான். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நான் போனதில் செருப்பைக் கழற்றி, இடுப்பில் கறுப்புத் துணி சுற்றிக்கொண்டுதான் விட்டார்கள். கூட வந்த பெரியவர்களில் ஒருவர் ஞாயிறு கோயிலுக்கும் போகிறவர். மழை பொய்த்தால் பாதிரியாரையும் கேட்போம், இங்கேயும் வருவோம் என்றார்.

பயணப்பிரியா எழுதியது:

விவாதத்துக்கு நடுவில் மன்னிக்கவும். லாமு மவ்லிதுக்கு முஸ்லிம் அல்லாதவர்கள், அதுவும் பெண்கள், போகலாமா? என்ன உடுத்த வேண்டும்? எப்போது நடக்கிறது?

கடல்வழி எழுதியது:

தாராளமாகப் போகலாம் சகோதரி. ரபீஉல் அவ்வல் மாதத்தின் பிற்பகுதியில் நடக்கும், ஒவ்வொரு வருஷமும் தேதி முன்னால் நகரும், கிளம்புமுன் உள்ளூர் விடுதியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊர்வலம், கழுதைப் பந்தயம், பாய்மரப் படகுப் பந்தயம் எல்லாம் தெருவிலும் கரையிலும்தான், நின்று பார்க்க யாரும் தடுப்பதில்லை. ரியாதா பள்ளிவாசலுக்குள் பெண்களுக்குத் தனிப் பகுதி, உள்ளே போவதானால் முதலில் கேட்டுவிடுங்கள். முழுக்கை, கணுக்கால் வரை ஆடை, தலைக்கு ஒரு துப்பட்டா போதும். சுடிதார் அங்கே கச்சிதமாகப் பொருந்தும். தெருக்கள் ஒடுக்கம், கழுதைக்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள், அது நமக்கு விடாது. பயண எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மொம்பாசாவிலிருந்து பேருந்தில் போகாமல் விமானத்தில் போங்கள்.